ஆயில் பம்பு மாத்தின கதை

இந்தப் பக்கம் வந்து மூணு மாசம் ஆச்சு. ஆபீசுல ஆணி அதிகம்ங்கறது ஒரு காரணம். இன்னொரு காரணம் இந்தப் பதிவு. இதை எழுதாம வேற எதையும் எழுத மனசு வரலை, இதை எழுத தைரியமும் வரலை. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. வெளியே மழை, வீட்டுல கரண்ட் இருக்கு. வேற சாக்கு எதுவும் கிடைக்கலை.

முதல்ல கொஞ்சம் சுயபுராணம். நான் படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பண்றது சோழிங்கநல்லூர்ல பொட்டி தட்டுற வேலை. நாலு வருஷப் படிப்புல ஒரு எஞ்சினைக்கூட முழுசா கழட்டினது கிடையாது. லேப்ல ஒரு எஞ்சினைப் பாதியா வெட்டி, கலர் கலரா பெயிண்ட் அடிச்சு நிறுத்தி வெச்சிருப்பாங்க. அதைச் சுத்தி நின்னு படம் வரைஞ்சு கையெழுத்து வாங்கிட்டு கேன்டீனுக்குப் போயிடுவோம். ஆனா வீட்டுல மிக்ஸி நின்னாலும் சரி, மோட்டார் நின்னாலும் சரி, "அவன் மெக்கானிக்கல்தானே" என்று என்னைத்தான் கூப்பிடுவாங்க. அந்தப் பட்டத்தை நானும் ஒருநாள் கூட வேணாம்னு சொன்னதில்லை :-)

வீடு கும்மிடிப்பூண்டி. அப்பா சிப்காட்டுல ஒரு கம்பெனியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். 2005ல் அவர் வாங்கின வெள்ளை மாருதி 800 இன்னும் எங்க வீட்டு வாசல்லதான் நிக்குது. 1983ல் வர ஆரம்பிச்ச வண்டி, 2014ல் கம்பெனி செய்யறதையே நிறுத்திட்டாங்க. அப்பா மட்டும் நிறுத்தலை. "வித்துட்டு வேற வாங்கலாம்பா" என்று நான் சொல்ற ஒவ்வொரு தடவையும் ஒரு துணியை எடுத்துக்கிட்டுப் போய் பானெட்டைத் துடைக்க ஆரம்பிச்சிடுவார்.

இந்த வண்டியில ஒரு வியாதி வந்தது. எஞ்சின் நல்லா சூடானப்புறம் சிக்னல்ல நின்னா, டாஷ்போர்டுல அந்தச் சிவப்பு எண்ணெய்க் கிண்ணம் லைட் மினுக் மினுக்னு எரியும். ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சா அணைஞ்சிடும். எடுத்துக்கிட்டுப் போனது கவரைப்பேட்டையில இருக்கிற பாய் பட்டறைக்கு.

பாயைப் பத்திச் சொல்லணும். திருவள்ளூர் பக்கத்துல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில 1998ல் இருந்து மிட்சுபிஷி லான்சர் கார் வந்ததே, ஞாபகம் இருக்கா? அங்கே அசெம்ப்ளி லைன்ல கான்ட்ராக்ட்ல இருந்தவர். அங்கேதான் டார்க் ரெஞ்ச் பிடிக்கக் கத்துக்கிட்டேன்னு சொல்லுவார். அப்புறம் சொந்தப் பட்டறை. தகரக் கூரை, ரெண்டு ஜாக்கி, ஒரு வேப்பமரம். கூட ஒரு பையன். பத்தொம்பது வயசு, ஐடிஐ முடிச்சவன், ஏளாவூர்ல இருந்து ரயில்ல வருவான்.

பாய் எடுத்தவுடனே பம்புன்னு சொல்லலை. முதல்ல ஆயில் அளவு பார்த்தார். அப்புறம் அந்த லைட்டுக்கான சுவிட்சைக் கழட்டிட்டு அதே ஓட்டையில ஒரு பிரஷர் கேஜை மாட்டி ஓடவிட்டுப் பார்த்தார். முள் நிஜமாவே கீழே கிடந்தது. "லைட்டு எரிஞ்சதுமே பம்பு மாத்தணும்னு சொல்றவன் மெக்கானிக் இல்ல தம்பி, வியாபாரி" என்றார். "இப்ப அளந்தாச்சு. இப்ப சொல்றேன், பம்பு."

இதுல ஒரு வேடிக்கை. எங்க கும்மிடிப்பூண்டி சிப்காட்டுலயே சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் ஆலையில ஆயில் பம்பு, வாட்டர் பம்பெல்லாம் செய்யறாங்க. வெளியூர்க்காரனுக்கு கும்மிடிப்பூண்டின்னா கடைசி ஸ்டாப் மின்சார ரயில். எங்களுக்கு அது பம்பு ஊர். அந்த ஊர்லயே வளர்ந்த மெக்கானிக்கல் இன்ஜினியர் ஒருத்தன் இருபத்தெட்டு வயசு வரைக்கும் ஒரு ஆயில் பம்பைக் கையில எடுத்துப் பார்த்ததில்லை. நான்தான்.

பாய் பம்பையும் பேக்கிங் செட்டையும் சென்னை ஜி.பி. ரோட்டுல இருந்து வரவழைச்சார். (கேஸ்கெட்டுன்னு காலேஜ்ல படிச்சது பட்டறையில பேக்கிங். கேஸ்கெட்டுன்னா அங்கே ஹெட் கேஸ்கெட் மட்டும்தான்.) ஒரு சனிக்கிழமை வேலையை வெச்சுக்கிட்டோம். "நானும் கூட இருந்து கத்துக்கிறேன் பாய்" என்று நானும் பழைய டீ-ஷர்ட்டோட போய் நின்னேன்.

மாருதி 800ல் ஆயில் பம்பு கிராங்க் ஷாஃப்டோட முன் மூக்குலயே உட்கார்ந்திருக்கும். உள்ளே ரெண்டு ரோட்டார். உள்ளே இருக்கிறதுக்கு வெளியே இருக்கிறதை விட ஒரு பல் கம்மி. சுத்தும்போது நடுவுல இடைவெளி பெருசாகி ஆயிலை இழுக்கும், சின்னதாகித் தள்ளும். கீழே சம்புக்குள்ள சல்லடை வெச்ச ஒரு குழாய் இருக்கும், ஸ்ட்ரெய்னர். பம்பு அது வழியாத்தான் ஆயிலை உறிஞ்சும். இதை வெளியே எடுக்க பெல்ட், புல்லி, டைமிங் கவர், டைமிங் பெல்ட், சம்ப், ஸ்ட்ரெய்னர் எல்லாத்தையும் கழட்டணும். பம்பு விலை கம்மி, அதுக்குப் போற வழிதான் அதிகம்.

பையன் ஒரு அட்டைப்பெட்டி மூடியை எடுத்து, அதுல பம்போட உருவத்தைக் கரியால வரைஞ்சு, கழட்டுற ஒவ்வொரு போல்ட்டையும் அதே இடத்துல குத்தி வெச்சான். "போல்ட்டெல்லாம் ஒரே நீளம் இல்லணா. மாத்திப் போட்டா ஒண்ணு இறுகாது, இல்ல த்ரெட்டு போயிடும்." நான் தலையாட்டினேன். மனசுக்குள்ள, இதுக்கெல்லாம் போட்டோ எடுத்து வெச்சா போதாதான்னு ஒரு நினைப்பு.

பழைய பம்பைத் திறந்தா ரோட்டார் ஓடின இடமெல்லாம் கீறல். இந்தப் பம்புல உள்ளே இருக்கிற இடைவெளியெல்லாம் மில்லிமீட்டர்ல பத்துல ஒண்ணு ரெண்டு பங்கு கணக்கு. தேஞ்சு போச்சுன்னா, சூட்டுல ஆயில் இளகினதும் தள்ள வேண்டிய ஆயில் அந்த இடுக்கு வழியாவே திரும்பி ஓடிடும். ஐடிலிங்ல லைட் எரிஞ்ச மர்மம் அதுதான்.

பதினொரு மணிக்கு பாய்க்கு போன். ஆரம்பாக்கம் கிட்ட ஒரு வேன் நின்னு போச்சு. கிளம்பும்போது பையன்கிட்ட சொன்னார்: "சுத்தம் பண்ணி வை. எனக்கு நேரமானா நீயே மாட்டிடு. பம்பு பேக்கிங் காஞ்சதாவே உக்காரணும். சிலிகான் சம்புக்கு மட்டும், அதுவும் நூல் மாதிரி." என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க கூட இருந்து பாத்துக்கங்க."

'பாத்துக்கங்க' என்ற வார்த்தையை என்னோட டிகிரி தப்பாப் புரிஞ்சுக்கிச்சு.

பையன் பொறுமையா பழைய பேக்கிங்கை சுரண்டிக்கிட்டு இருந்தான். இரும்பு சுரண்டி இல்லை, மூங்கில் பத்தை. அலுமினியத்துல ஒரு கோடு விழுந்தா ஆயிலுக்கு அதுவே வாய்க்கால்னு சொன்னான். எனக்குப் பொறுமை போச்சு. நானே பேக்கிங்கை எடுத்தேன். தாள் மாதிரி இருந்தது. இவ்வளவு சன்னமான தாளா ஆயிலை நிறுத்தப் போகுதுன்னு சந்தேகம். பக்கத்துல சிலிகான் ட்யூப். சம்புக்கு நல்லதுன்னா பம்புக்கும் நல்லதுதானே? ஒரு லாஜிக். ரெண்டு பக்கமும் இட்லித் தட்டுல எண்ணெய் தடவுற மாதிரி தடவினேன்.

"வேணாம்ணா. பாய் காஞ்சதாப் போடச் சொன்னாரு."

"எக்ஸ்ட்ரா சேஃப்டிடா. லீக்கே ஆகாது பாரு."

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். அப்புறம் எதுவும் சொல்லலை. சம்புக்கும் நானே போட்டேன். பாய் சொன்னது நூல், நான் போட்டது தாம்புக் கயிறு. இறுக்கினப்ப வெளியே பிதுங்கி வந்ததை விரலால வழிச்சு, பெட்ரோல் துணியால துடைச்சு பளபளன்னு ஆக்கினேன். பையன் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. ஸ்ட்ரெய்னர் குழாய் பம்போட சேர்ற இடத்துல இருந்த பழைய ரப்பர் வளையத்தை நான் அப்படியே மாட்டப் போனேன். அவன் பிடுங்கிட்டுப் புதுசை எடுத்து, ஆயில் தொட்டு மாட்டினான். "இங்க லீக் ஆனா வெளிய சொட்டாதுணா. பம்பு காத்தை இழுக்கும். எங்கன்னு தேடினாலும் கிடைக்காது." இன்னைக்கு நினைச்சா, அந்த நாள்ல ஒழுங்கா நடந்த வேலை அது ஒண்ணுதான்.

பாய் திரும்பி வந்தப்ப மணி நாலு. டார்ச் அடிச்சு வெளியே பார்த்தார். சுத்தமா இருந்தது. பையனைக் கேட்டார், "பம்புக்கு சிலிகான் போடலியே?"

பையன் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் சொன்னேன்: "எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் பாய்."

ஏன் சொன்னேன்? இன்னைக்கு வரைக்கும் ஒழுங்கான பதில் இல்லை. பொய்யா அதை நினைச்சுக்கூட பார்க்கலை. இன்னும் அதிகமா செஞ்சிருக்கேனே தவிர குறைவா எதுவும் செய்யலையேன்னு இருந்தது. ஆயில் ஊத்தினோம், ஓடுச்சு, லைட் அணைஞ்சது. அப்பா என் முதுகுல தட்டினார். "மெக்கானிக்கல்னா சும்மாவா!"

மூணு வாரம் கழிச்சு ஒரு அமாவாசை. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துல வெல்லம் கரைக்கிறதா அம்மாவுக்கு ஒரு வேண்டுதல். பெரியபாளையத்துல பவானி அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வெங்கல் வழியாப் போயிட்டு இருந்தோம். அப்பாதான் ஓட்டினார். திடீர்னு அந்தச் சிவப்பு லைட். இந்தத் தடவை மினுக்கலை. நின்னு எரிஞ்சது.

அப்பா ஒரு வார்த்தை பேசலை. உடனே சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தி, நியூட்ரல்ல உருட்டி ஓரமா ஒதுக்கினார். நானா இருந்தா "அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்" என்று இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போயிருப்பேன். எஞ்சினை அங்கேயே முடிச்சிருப்பேன். ஆயில் போகாம ஓடுற எஞ்சின்ல பேரிங் கருக ரெண்டு கிலோமீட்டர் தாராளம். அம்மாவை ஷேர் ஆட்டோல ஏத்திவிட்டுட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு கவரைப்பேட்டை வந்து சேர்ந்தோம்.

மறுநாள் சம்பை இறக்கினாங்க. ஸ்ட்ரெய்னர் சல்லடையில மண்புழு மண்புழுவா சிலிகான் ஒட்டிக்கிட்டு இருந்தது. முக்கால்வாசி சல்லடை அடைபட்டுப் போச்சு. பாய் ஒரு துண்டை எடுத்து விரலால நசுக்கிப் பார்த்தார். பம்பு ஓரத்துலயும் விரலை விட்டுப் பார்த்தார். அங்கேயும் அதேதான்.

நான் வெளியே பிதுங்கினதை மட்டும்தான் துடைச்சேன். வெளியே எவ்வளவு பிதுங்குதோ உள்ளேயும் அவ்வளவு பிதுங்கும். உள்ளே போய்த் துடைக்க விரல் போகாது. அது சூடான ஆயில்ல ஊறி, பிஞ்சு, சம்புல விழுந்து, நேரா சல்லடைக்கு வந்து சேரும்.

பாய் பையன் பக்கம் திரும்பினார். "எத்தனை தடவை சொன்னேன்டா? எத்தனை தடவை?" அப்புறம் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. கடைசியா, "நாளையிலேருந்து வராத."

பையன் என்னைப் பார்க்கலை. கையைத் துடைச்சுட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். பாய் அப்பாகிட்ட வந்து, "தப்பு எங்க பக்கம் சார். ஆயில், பேக்கிங், கூலி எல்லாம் என் செலவு" என்றார். அப்பா "பரவாயில்ல பாய்" என்றார். நான் அங்கேதான் நின்னுக்கிட்டு இருந்தேன். என் வாயிலேயும் யாரோ சிலிகான் அடைச்ச மாதிரி.

திங்கள் காலையில ரயில் ஏறி ஆபீஸ் வந்துட்டேன். திங்கள் போச்சு. செவ்வாய் போச்சு. புதன் ராத்திரி தூக்கம் வரலை. ஒரு பேக்கிங்குக்காக இவ்வளவான்னு நீங்க கேட்கலாம். ரயில்ல வந்து போற ஒரு பையனோட வேலைங்க அது. வியாழக்கிழமை லீவு போட்டுட்டு நேரா பட்டறைக்குப் போனேன்.

எல்லாத்தையும் சொன்னேன். பாய் கேட்டுக்கிட்டே ஒரு பிளக்கை கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுக்கிட்டு இருந்தார். சொல்லி முடிச்சதும் செலவுக் காசை நீட்டினேன். வாங்கிக்கிட்டார். "இது கணக்கு, சரியாப் போச்சு" என்றார். "அவன்கிட்ட நான் பேசின பேச்சுக்கு நான் போறேன். நீங்க பேசாத பேச்சுக்கு நீங்க போங்க."

சாயங்காலம் ஏளாவூர் ஸ்டேஷன்ல பிடிச்சேன். மூணு நாளா சிப்காட்டுல லோடு இறக்குற வேலைக்குப் போயிட்டு இருந்தான். கை பூரா கொப்புளம். மன்னிப்புக் கேட்டேன். அவன் நெளிஞ்சான்.

"அன்னைக்கே ஏன்டா நீ சொல்லலை, நான்தான் போட்டேன்னு?"

"நீங்க கஸ்டமர்ணா. இன்ஜினியர் வேற. நான் சொன்னா எடுபடுமா?" கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துட்டு, "நானும் வேணாம்னு ஒருவாட்டிதான் சொன்னேன். ரெண்டாவது வாட்டி சொல்லியிருக்கணும்" என்றான்.

தப்பு பண்ணது நான். அதுலயும் தன் பங்கைத் தேடி எடுத்துக்கிட்டான். நான் என்னத்தைப் பேச?

சனிக்கிழமை மூணு பேரும் மறுபடி பட்டறையில. பாய் முதல்ல ஒரு பேரிங் கேப்பைக் கழட்டிப் பார்த்தார். கீறல் இல்லை. "உங்கப்பா சாவியைத் திருப்பினாரு பாருங்க, அதுதான் இந்த எஞ்சினு." அப்புறம் பையன் உத்தரவு போட்டான், நான் செஞ்சேன். இதோ, ஒழுங்கா செஞ்ச முறை. யாருக்காவது உதவும்.

ரெண்டு முகத்தையும் மூங்கில்லயோ பிளாஸ்டிக்லயோ சுரண்டி, திறந்திருக்கிற ஓட்டையில துணி அடைச்சுக்கிட்டு சுத்தம் பண்ணணும். ஆயில் தங்கின போல்ட் ஓட்டையைக் காய விடணும், இல்லைன்னா இறுக்கின அளவே பொய்யாயிடும். புது பேக்கிங்கைப் பழைய பம்பு மேல வெச்சு ஓட்டைக்கு ஓட்டை சரிபார்க்கணும். பம்புக்குள்ள ஆயில் ஊத்தி கையால சுத்திவிடணும், காஞ்ச பம்பு உறிஞ்சாது. பேக்கிங் காஞ்சதாத்தான். நழுவுச்சுன்னா ஒரு பொட்டு கிரீஸ். பம்போட ஆயில் சீல் உதடு கிராங்க் முனையில மடங்காம பார்த்து ஏத்தணும். எல்லா போல்ட்டையும் முதல்ல கையாலயே முடுக்கிட்டு, அப்புறம் குறுக்கும் நெடுக்குமா ரெண்டு மூணு சுத்துல கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். சின்ன எம்6 போல்ட்டுங்க, சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும், பலத்தைக் காட்டக் கூடாது.

இறுக்கினதும் பேக்கிங் ஓரம் சம்ப் உட்கார்ற பக்கம் லேசா நீட்டிக்கிட்டு நிக்கும். அதை பிளேடால மட்டமா நறுக்கணும். இது எனக்குத் தெரியவே தெரியாது. அந்தத் துளி நீட்டலே சம்பைத் தூக்கிப் பிடிச்சு லீக் ஆக்கும். பம்பும் பிளாக்கும் சம்பும் சந்திக்கிற மூலையில மட்டும் ஒரு பொட்டு சிலிகான். சம்புக்கு, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா சுத்தி விட்டுப்போகாம ஒரே கோடு, மூணு மில்லிமீட்டர். அது காயற வரைக்கும் ஆயில் ஊத்தக் கூடாது. முதல் தடவை நான் அரை மணியில ஊத்தினேன். இந்தத் தடவை ராத்திரி பூரா விட்டோம்.

ஞாயித்துக்கிழமை காலையில புது ஃபில்டர், புது ஆயில். ஸ்பார்க் வராம இணைப்பைக் கழட்டிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டு சுத்தினோம். அஞ்சாவது தடவை லைட் அணைஞ்சது. அதுக்கப்புறம்தான் எஞ்சினை உயிர்ப்பிச்சோம்.

அப்பாகிட்டயும் அன்னைக்கே சொல்லிட்டேன். ஒண்ணும் திட்டலை. ரெண்டு நாள் பேசலை. மூணாவது நாள் போன் பண்ணி, "ஆயில் லெவல் பாத்தேன், குறையலை" என்றார். அம்மா அடுத்த அமாவாசைக்குப் போய் வெல்லம் கரைச்சுட்டு வந்துட்டாங்க.

ஒரு பாக்கி இருக்கு. அன்னைக்கு லைட் அணைஞ்ச சந்தோஷத்துல டீ குடிச்சுட்டு இருந்தப்ப பையன் கேட்டான், "உங்க கம்ப்யூட்டர் வேலையில இந்த மாதிரி தப்பு நடந்தா யாருணா திட்டு வாங்குவாங்க?"

யோசிச்சேன். போன வருஷம் ஒரு ராத்திரி நடந்தது ஞாபகம் வந்தது. "கடைசியா சேர்ந்தவன்" என்றேன்.

"அங்கேயுமா?" என்று சிரிச்சுட்டு கிளாஸைக் கழுவப் போயிட்டான்.

எனக்குச் சிரிப்பு வரலை. அந்தப் போன வருஷத்துப் பையன் இப்போ வேற கம்பெனியில இருக்கான். அவனோட நம்பர் இன்னும் என் போன்ல இருக்கு. இந்தப் பதிவை முடிச்சுட்டு கூப்பிடலாம்னு இருக்கேன்.

மழை விட்டுடுச்சு. வர்றேன் மக்களே.